எழுதாமல் விட்ட வரி: ஏரியான் விசாரணை அறிக்கை பற்றி

கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதுமுன், அது எதைச் செய்ய வேண்டும், எந்தச் சூழ்நிலையில் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துக் கொள்கிறார்கள். இதற்குத் தேவை விவரக்குறிப்பு என்று பெயர். இதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. நீங்களும் அப்படி நினைத்தால், 1996 ஜூலை 19 தேதியிட்ட ஓர் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். கணித அறிஞர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு எழுதியது அது.

நடந்தது இதுதான். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. முதன்மை எஞ்சின் பற்றிய சுமார் 37-ஆம் வினாடியில் அது வழிகாட்டும் தகவலை இழந்தது. பாதை மாறி, உடைந்து, வெடித்தது. 'கிளஸ்டர்' என்னும் நான்கு ஆய்வுக் கோள்களும் அதோடு போயின.

ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவியின் ஆணைத்தொடரைப் பழைய ஏரியான் 4-லிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். கிடைவேகத்தோடு தொடர்புள்ள ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக அது மாற்றும். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியான் 4-க்கு அது போதும். ஏரியான் 5-இன் கிடைவேகமோ ஐந்து மடங்கு விரைவாக ஏறும். உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? கருவி நின்றது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே ஆணைத்தொடர். அது ஒரு கணம் முன்பே நின்றுவிட்டது!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கே ஏரியான் 5 கிளம்பிய பிறகு தேவையில்லை. பழைய ராக்கெட்டுகளில், கிளம்பும் கடைசி வினாடிகளில் தடை ஏற்பட்டால் மீண்டும் விரைவில் தயாராவதற்காகச் சேர்த்த வசதி அது. 1989-இல் ஒரே ஒரு முறை பயன்பட்டது.

அறிக்கையின் பெருமை எதில் இருக்கிறது? பழியை ஆணைத்தொடர் எழுதியவர் தலையில் கட்டிவிட்டு நிற்கவில்லை. ஏரியான் 5-இன் பாதை விவரமே கருவியின் தேவைக் குறிப்பில் இல்லை. சேர்க்க வேண்டாம் என்று எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பிழை நேர்ந்தால் செயலியை நிறுத்து என்பதும் குறிப்பில் இருந்ததுதான். கருவி சொன்னபடி நடந்தது!

ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தை எழுதும் மாணவன், 'வீச்சு சிறியதாக இருந்தால்' என்ற சொற்களை விட்டுவிடுவான். 60 பாகை வீச்சில் அந்தச் சூத்திரம் சுமார் 7 சதவீதம் தவறும். எல்லை சொல்லாத தேவைக் குறிப்பும் அந்த ரகம்தான்.

நிற்க. அறிக்கையில் எனக்கு நிறைவு தராத இடமும் உண்டு. பாதை விவரத்தை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு அதில் போதிய விளக்கம் இல்லை. பழைய கணக்கை ஏன் அப்படியே வைத்தார்கள் என்பதற்கோ ஊகம்தான் கிடைக்கிறது: நன்றாக ஓடுவதைத் தொட வேண்டாம் என்று கருதியிருக்கலாமாம். வழியக்கூடிய ஏழு எண்களில் நான்கிற்குக் காப்புத் தந்து மூன்றை விட்டார்கள். அந்த முடிவின் நியாயம் ஆணைத்தொடரில் எங்கும் குறிக்கப்படவில்லை என்று அறிக்கையே சொல்கிறது. சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. எனக்கென்னவோ, விசாரணை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

1997-இல் பெர்ட்ராண்ட் மெயரும் ழான் மார்க் ஜெசெகெலும் இன்னொரு மருந்து சொன்னார்கள்: ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் எல்லையை எழுதி வை. இது பாதி சரி. 'இருபது முழக் கயிறு' என்று வாளியில் எழுதி வைத்தாலும், கிணற்றின் ஆழத்தை யாராவது சொல்ல வேண்டாமா? ஏரியான் 5-இன் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவே இல்லையே!

அறிக்கை 14 பரிந்துரைகளைத் தருகிறது. கிளம்பியவுடன் அந்தப் பழைய கணக்கை நிறுத்துங்கள் என்பது முதலாவது. முடிவுகளுக்கான நியாயத்தை எழுதும் ஆவணங்களுக்கு ஆணைத்தொடருக்குத் தரும் அதே கவனத்தைத் தாருங்கள் என்பது பின்வரிசையில் கிடக்கிறது. நான் எழுதியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றியிருப்பேன்.