வாகைப் பலகையில் ஒட்டிய வார்

சவரக்கத்தி தீட்டும் வாரைப் புகழ்கிறவர்கள் தோலைத்தான் புகழ்வார்கள். எனக்கு அதன் அடியில் இருக்கும் பலகைமேல்தான் கண். கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடிக்கிற வார் சற்றுத் தொய்ந்தாலும் கத்தியின் விளிம்பு மழுங்கும். பலகையில் ஒட்டிய தோலுக்குத் தொய்வு கிடையாது. அந்த உறுதி மரம் கொடுப்பது.

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில், சிற்பிகள் ஒரே கட்டையிலிருந்து தெய்வ உருவங்களைச் செதுக்கி எடுக்கிறார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அவர்கள் உளி படுகிற மரங்களில் வாகையும் ஒன்று. வார்ப் பலகைக்கு அந்த மரத்தில் ஓரடி நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள துண்டு போதும். கத்தியின் அலகு முழுதும் ஒரே நேரத்தில் படிய அந்த அகலம் வேண்டும்.

வாகையின் அழகு இழைக்கும்போதுதான் தெரியும். கரும்பழுப்பு வைரம், ஓரத்தில் வெளிறிய பகுதி. நார் ஒரு வரிசை இப்படிச் சாய்ந்தால் அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாயும். அதனால் இழைப்புளி எந்தப் பக்கம் போனாலும் எங்காவது நார் பிய்யப் பார்க்கும். அலகை மயிரிழை அளவுக்கே வெளியே வைத்து, பொறுமையாகத் தள்ள வேண்டும். அப்படி இழைத்த பலகையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: சற்றுமுன் இருண்டிருந்த பட்டை மின்னும், மின்னிய பட்டை இருளும். இவ்வளவு அழகையும் தோலை ஒட்டி மூடிவிட மனசு கேட்காது. நான் பின்புறத்தைத் திறந்தே விடச் சொல்வேன்.

மரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும். இழைத்தபின் பலகையின்மேல் ஓர் இரும்பு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கோலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒளிக்கீற்று கசிந்தால் அங்கே பள்ளம். கசிவு நிற்கும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

தோல், ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருந்தால் நல்லது. குரோமியத்தில் பதனிட்ட தோல் பெரும்பாலும் மெத்தென்று அமுங்கும், அமுங்கினால் விளிம்பு உருண்டுபோகும். பசையை மெல்லியதாகத் தடவி, இரவு முழுக்கப் பாரம் வைத்தால் தோலும் மரமும் ஒன்றாகிவிடும்.

தீட்டுவதற்கு வலு வேண்டாம். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரத் தோலில் படிந்திருக்க, முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் இழுபட வேண்டும். கோடியில் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் தோலில் வெட்டு விழும். தொடக்கத்தில் சற்றுக் கரகரத்து ஒலிக்கும் இழுப்பு, சாணைக்கல் விட்டுப்போன பிசிர் நேராக நேராக வழுவழுப்பாகிறது. அந்த மாற்றத்தை மணிக்கட்டு காதுக்கு முன்பே அறிந்துகொள்ளும்.