கணக்கோடு எழுந்த உறுப்பினர்

1952-இல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குப் போன ஃபெரோஸ் காந்தி, முதல் மூன்றாண்டுகள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1955 டிசம்பரில் எழுந்தபோது, டால்மியா குழுமத்தின் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசிதாரர்களின் பணம் எப்படியெல்லாம் கைமாறியது என்று கணக்கோடு எடுத்துவைத்தார். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, எல்.ஐ.சி. பிறந்தது.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1957 டிசம்பர் 16 அன்று பேசிய பேச்சு. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவே இல்லை. சரிந்த சந்தையைத் தாங்கவே வாங்கினோம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. ஃபெரோஸ் வசைபாடவில்லை. வாங்குவதற்கு முந்தைய வாரம் பங்கு என்ன விலை, வாங்கிய நாளில் என்ன விலை என்று நாள்வாரியாக அடுக்கினார். சந்தையைத் தாங்குவதுதான் நோக்கம் என்றால் ஒரே மனிதரின் பங்குகள் மட்டும் ஏன்? அந்த எண்களுக்குமுன் சமாதானம் நிற்கவில்லை. பேசியவர் ஆளுங்கட்சிக்காரர், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். பின்னர் இந்த விவகாரத்தை நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நடப்புச் செய்தியை அவையில் எழுப்புவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. இன்று அவசர விவகாரங்களை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அமைச்சர் உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணக்கில்லாத வெறும் கோபம் அவைக்குறிப்பில் ஏறும், விவகாரம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனாலும் ஃபெரோஸின் வழியில் பெரிய குறை ஒன்று உண்டு. எல்லாம் அவர் ஒருவரின் உழைப்பையே நம்பியிருந்தது. காப்பீட்டைத் தனியார் கையிலிருந்து பறித்து அரசிடம் கொடுத்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினார். அந்த அரசு நிறுவனமே ஓராண்டு முடிவதற்குள் தடுமாறியது. அரசு நிறுவனங்களைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு நாடாளுமன்றக் குழு 1964-இல்தான் வந்தது. அவரோ 1960-லேயே மறைந்துவிட்டார். பதவி விலகிய கிருஷ்ணமாச்சாரியும் 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார். அம்பலப்படுத்தும் பேச்சு ஒரு நாளில் முடிந்துவிடும். காவல் காக்கத் தினமும் ஆள் வேண்டும். அந்தக் காவலை நிறுவனமாக்க அவர் போதிய அளவு முயலவில்லை என்பது என் ஆதங்கம்.

இதற்கு விதிவிலக்கு, தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்து 1956-இல் நிறைவேறிய சட்டம். நாடாளுமன்றத்தில் நடந்ததை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்கு அது பாதுகாப்புத் தந்தது. அவருடைய பங்களிப்புகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்: அவையில் சொன்னது வாக்காளர் காதில் விழாவிட்டால் முந்த்ரா பேச்சுக்கு என்ன வலிமை இருந்திருக்கும்? நெருக்கடிநிலையின்போது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசே அந்தச் சட்டத்தை நீக்கியது. 1977-இல் ஜனதா அரசு அதை மீட்டது. 44-ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை 361ஏ பிரிவாக அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தது.