கட்டளைவரி மரபும் எங்கள் சாந்திபுரத்துப் பள்ளியும்

நம் சங்கத்தின் மலருக்குக் கட்டளைவரி ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தபோது, பெரியவர்கள் பலர் இருக்க நான் எழுதப் புகுவது அதிகப்பிரசங்கித்தனமாகுமோ என்று தயங்கினேன். ஆயினும் எங்கள் சாந்திபுரத்துப் பள்ளியின் ஆசிரியரான ஐயாவின் மாணாக்கர்களில் பெங்களூருக்குப் போகாமல் சித்தூர் ஜில்லாவிலேயே தங்கிவிட்டவன் நான் என்பதால், மறுக்கும் உரிமை எனக்கில்லை என்று அவர் தீர்ப்பளித்துவிட்டார்.

ஷெல் பரம்பரைகளை அங்கத்தினர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளிவந்த ஸ்டீவ் போர்னின் ஷெல்லே மூலபீடம் என்பதிலும், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் ஆக்கிய பாஷ் அதன் வாரிசு என்பதிலும் நம்மிடையே அபிப்பிராய பேதம் கிடையாது. பில் ஜாயின் ஸீ ஷெல்லை இன்றும் விடாத மூத்தவர்கள் சிலரிடம் எனக்குள்ள மரியாதைக்குக் குறைவில்லை. எனினும் பிழைச்செய்தியை மட்டும் பிரித்து ஒரு கோப்புக்கு அனுப்ப நேர்வழியில்லாத ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதலாகாது என்று டாம் கிறிஸ்டியன்ஸன் வாதித்த பிறகு, அந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை என்பது எங்கள் பள்ளியின் துணிபு. பெர்ல் மார்க்கத்தாரைப் பற்றி, அவர்கள் எழுதியதை அவர்களே மறுவருஷம் படித்துப் புரிந்துகொண்டால் சந்தோஷம் என்பதோடு நிறுத்துகிறேன். 2006-இல் ஜெஃப்ரி ஸ்னோவரின் முயற்சியால் விண்டோஸ் உலகில் பிறந்து, 2016-இல் லினக்ஸுக்கும் வந்து சேர்ந்த பவர்ஷெல், பைப்பின் வழியே வெறும் எழுத்துகளை அல்லாமல் பொருள்களையே கடத்துகிறது. ஐந்தாம் பத்தியை வெட்டியெடுக்க நாம் ஆக் கட்டளையோடு படும் பாடு அவர்களுக்கில்லை என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து நிலை வேறு. 2002-இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பம் வட்டாரத்தில் ஐ-கம்யூனிட்டி திட்டத்தைத் தொடங்கிக் கிராமத் தகவல் மையங்களை அமைத்த காலத்தில்தான், எட்ட இருக்கும் கம்ப்யூட்டரை எட்டாமலே பராமரிப்பது எப்படி என்ற பிரச்சினை இங்கே பலருக்கும் விளங்கிற்று. ஹெல்ஸிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் களவுபோனதைக் கண்டு டாட்டு யுலோனன் 1995-இல் எஸ்எஸ்ஹெச்சை எழுதியதும், 1999-இல் ஓபன்பிஎஸ்டி அன்பர்கள் அதை ஓபன்எஸ்எஸ்ஹெச் என்று யாவருக்கும் பொதுவாக்கியதும் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்காகவே என்று ஐயா சொல்வார். இங்கிருந்தபடி சென்னையிலுள்ள ஒரு சர்வரைப் பூட்டிக்கொண்டால் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி அங்கே போய்த்தான் திறக்க வேண்டும்.

ஆகவே ஃபயர்வால் விதியை மாற்றுமுன் ஐயா செய்யும் கிரமம் இது. பழைய விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைப்பார். பத்து நிமிஷம் கழித்து அவற்றைத் தானாகவே மீட்டுவிடும்படி ‘அட்’ கட்டளையில் ஒரு வேலையைக் கட்டுவார். இணைந்திருக்கும் ஜன்னலை மூடாமலே வைத்துப் புதிய விதியை இடுவார். பிறகு வேறொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்து, நுழைய முடிந்தால்தான் கட்டிய வேலையை ரத்து செய்வார். அவசரப்படும் பையனிடம், “உள்ளே வர வழி இருக்கிறதா பாரப்பா, அப்புறம் கதவைச் சாத்து” என்பார். இதற்கு மேல் எங்கள் பள்ளிக்கு ரகசியம் ஒன்றும் இல்லை.

இன்றைய நிலையைப் பற்றி யாரையும் சுட்டாமல் ஒரு வார்த்தை. 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்ஸிபிள் போன்ற சாதனங்கள், எஸ்எஸ்ஹெச் வழியாகவே நூறு சர்வர்களை ஒரே சமயத்தில் சீர்செய்ய வல்லவை. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒரு மாறி காலியாக இருக்கிறதா என்று பாராமல் அழிக்கும் கட்டளைக்கு அதைக் கொடுப்பதையும், முந்தைய கட்டளை சுழியத்தோடு முடிந்ததா என்று கேளாமல் அடுத்ததை ஏவுவதையும், எங்கிருந்தோ இறக்கிய ஸ்கிரிப்டைப் படியாமல் நேரே ரூட்டின் பைப்பில் ஊற்றுவதையும் என்னென்பது! 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்ட், மாறி காலியாகிவிட்டதால் ஒருவருடைய கோப்புகளையெல்லாம் துடைத்தழித்ததே, அதைச் செய்த வரியில் மேற்கோள்குறி சரியாகவே இருந்தது. ‘பயங்கரம்’ என்ற பொருள்பட ஒரு குறிப்புகூட அங்கே எழுதியிருந்தது. இல்லாமற்போனது ஒரே ஒரு சோதனை. பயத்தை எழுதிவைக்கத் தெரிந்த கைக்குச் சோதனையை எழுதத் தெரியவில்லை என்றால், இது கவனக்குறைவு அன்று, வளர்ப்பின் குறை. மாறி காலியாக இருந்தால் நின்றுவிடும்படி அழிக்கும் கட்டளைக்கு முன் ஒரு சோதனை வரி எழுதச் சோம்புகிறவன், நாளை வாங்கிய கடனையும் சரிபார்க்க மாட்டான், அடுப்பையும் அணைக்க மாட்டான். ஒரு தலைமுறையே இவ்வாறு பழகிவிட்டால் ஆஸ்பத்திரியும் பாங்கும் ரயிலும் யாரை நம்பி ஓடும் என்று இரவில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. நம் சங்கத்து இளைஞர்களை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய நிலை வராதென்றே நம்புகிறேன்.

காரியக்கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுவிழாவில் சொற்பொழிவுகளில் ஒன்றைக் குறைத்து, இளைஞர்கள் தாங்கள் எழுதிய ஸ்கிரிப்டைச் சபையில் வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரியும் தவறினால் என்னாகும் என்று மூத்தவர்களுக்கு விடைசொல்லும் ஒரு பரீக்ஷையை ஏற்படுத்த வேண்டும். பரிசுத் தொகையை நான் தருகிறேன்.