எண்ணுக்குச் சிக்காத சாம்பல்

மண்ணே வேண்டாம் என்று விற்கப்படும் டில்லாண்ட்சியாவுக்கு நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரான வள்ளூரில் கஷ்டமே அதுதான். இந்த மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களின் கடைசியிலிருந்தே நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் காய்ந்த வாளியில் வெள்ளையாக உப்பு பூக்கும். அதனால்தான் தண்ணீரில் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன்.

இந்தச் செடியின் வேர் கிளையைப் பற்றிக்கொள்ளத்தான். தண்ணீர் குடிப்பது இலைமேல் இருக்கும் வெண்செதில்கள். தண்ணீர் ஆவியானதும் உப்பு இலையிலேயே தங்கிவிடும். மண்ணில் வடிந்துபோக வழியில்லை. மீட்டரில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டியது. மழைத்தண்ணீர் இரண்டு இலக்கத்தில் நின்றது. வாரம் ஒரு காலை மழைநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தலைகீழாக உதறி, ஃபேன் காற்றில் உலர்த்துகிறேன். இலை நுனி கருகுவது நின்றுவிட்டது. இதற்காக மீட்டரை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் அப்படி நல்ல எண் காட்டிய மழைநீரை டம்ளரில் விட்டுவைத்தால் மறுநாள் அடியில் சாம்பல் நிற வண்டல். நிலக்கரி எரிக்கும் பகுதி இது. மொட்டை மாடியைத் துடைத்த துணியே சொல்லும். மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும். அதை ஒரு காரணியால் பெருக்கி எண்ணாக்குகிறது. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். அவை கரைவதில்லை, ஆகவே மீட்டருக்கு அவை இல்லவே இல்லை. செடிக்கோ அப்படியில்லை. காற்றில் வருவதையெல்லாம் இலையில் பிடித்துவைப்பதால்தான் சாவோ பாவ்லோவில் இந்த இனத்துச் செடியைத் தொங்கவிட்டு, காற்றில் கலந்த உலோகங்களை ஆராய்ந்தார்கள்.

எனக்குக் கோபம் மீட்டரோடு கூடவே வந்த வண்ண அட்டைமேல்தான். எண் குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு, பச்சை என்றால் ‘சுத்தம்’. பக்கத்து வீட்டு அக்கா அதை நம்பி, குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்து, “எவ்ளோ காட்டுது பாரு” என்றார். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் 500ஐவிட அது மிகவும் கீழேதான். ஆனால் கிருமியையும், நஞ்சாகப் போதுமான சிறு அளவு ஈயத்தையும் இந்த மீட்டர் காட்டாது. கொதிக்கவைத்தே கொடுங்கள் அக்கா, ஈயச் சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இருநூறு சொச்சம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த வண்ண அட்டை பெரிய பொய்.

உப்புத் தண்ணீர் ஊரில் செடி வளர்ப்பவர்கள் மீட்டரை வாங்கலாம், அட்டையைக் கிழித்துப்போடுங்கள். ஐப்பசி மழையின் முதல் வேகத்தைக் கீழே ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஓர் இரவு அசையாமல் வைத்தால் கனமான சாம்பல் அடியில் தங்கும். உள்ளே பொள்ளலான துகள்கள் மேலே மிதக்கும் என்பதால், நடுத்தண்ணீரைக் குழாய் வைத்து இறக்குங்கள். எண்ணை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.