வக்ஃபும் சுண்ணாம்புக் காரையும்

மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்குரியது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பயனைத் தர்மம் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை இதுவே. சோழமண்டலக் கரையில் மரைக்காயர்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், வக்ஃபின் அமைப்பை நிர்வாகி தம் விருப்பப்படி மாற்றுவதை ஏற்பதில்லை. வீடாக விடப்பட்டதைத் தோட்டமாக்குதல் கூடாது. இது சுவர்ப்பூச்சைப் பற்றிய தீர்ப்பன்று. எனினும் பழுதுபார்த்தல் என்ற பெயரால் மூலமே அழியுமாயின், அது இவ்விதியின் நோக்கத்திற்கு முரணாகும்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவுடன் இணைந்த ஊர். பிரெஞ்சு மரபு என்றதும் புதுச்சேரி வீதிகளை நினைப்போர் பலர். காரைக்காலை நினைப்போர் சிலரே. இக்கரையோரப் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் பழைய காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசுவது நன்மையை நாடியே செய்யப்படுகிறது. விளைவோ வேறு. சுண்ணாம்புக் காரை செங்கல் உறிஞ்சிய ஈரத்தை வெளியேற்றும். சிமெண்ட் அதனை உள்ளே அடைக்கும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகிச் சுவரைப் பொடியாக்கும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்கா, 1974இல் தேசியச் சின்னமாயிற்று. செப்பனிடப்பெற்று 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. சுவர் பிழைத்தது, பயன் மாறிற்று. மஸ்தான் சாஹிப் வலியுல்லாஹ் கந்தூரிக்கு ஆண்டுதோறும் மக்கள் திரளும் காரைக்காலுக்கு இது முன்மாதிரியாகாது.

இன்டாக் அமைப்பின் 2004ஆம் ஆண்டுச் சாசனம் வாழும் மரபையும் மரபுவழிக் கொத்தர்களின் அறிவையும் போற்றுகிறது. அவ்வகையில் அது நமக்கு நெருக்கமானது. ஆனால் அதற்குச் சட்ட வலிமை இல்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களோடு நின்றுவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு முத்தவல்லியின் அமானிதமே அரண். பிரான்ஸிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் நன்கொடை போற்றத்தக்கதே. ஆயினும் இறுதியாகப் பணம் அளித்தவரின் விருப்பத்தைவிட, முதலில் வக்ஃபு செய்தவரின் நோக்கமே முத்தவல்லியைக் கட்டுப்படுத்தும். மதிப்பீட்டில் கையெழுத்திடுமுன் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர் ஒருவரை அழைத்துச் சுவரைக் காட்டுவது, அந்த அமானிதத்தைப் பேணும் முதற்படி.