கல்லான அகலிகையும் பேசாத பத்சேபாளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நிகழும் இரவுகளில், கர்ணன் களத்துக்குப் புறப்படுமுன் தன் மனைவி பொன்னுருவியோடு உரையாடும் கட்டத்தில் மக்கள் கண்ணீர் வடிப்பதுண்டு. வென்றவன் அருச்சுனன்; கண்ணீரோ வீழ்ந்தவனுக்கு. ஆகவே, பழங்காப்பியத்தை வேறொரு பாத்திரத்தின் நிலையில் நின்று காண்பது மேனாட்டுக் கல்வி தந்த புதுமையன்று. நம் மண்ணின் பழைய வழக்கமே. இதனை மனத்திற்கொண்டு, புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையை நோக்குவோம்.

இராமனின் பாதத்துகள் பட்டுக் கல் பெண்ணாகிறது. காப்பியத்தில் அகலிகையின் வரலாறு ஏறத்தாழ அங்கே முடிகிறது. புதுமைப்பித்தனின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. சாபம் நீங்கிய பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள்? பிற முனிவர்களின் மனைவியர் அவளைக் கண்டு விலகுகின்றனர். கணவன் கோதமன் அன்போடு இருந்தும் அவள் உள்ளம் தன்னையே ஐயுறுகிறது. இறுதியில் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் செய்ததைக் கூறுகிறாள். தன்னை மீட்டவனே இவ்வாறு செய்தானா என்று அதிர்ந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

நமக்கு அண்டையிலுள்ள கன்னட நாட்டில் குவெம்பு 'ஸ்ரீராமாயண தர்சனம்' என்னும் காவியத்தில் இதே தீக்குளிப்பை வேறுவிதமாகக் கண்டார். அங்கே சீதையோடு இராமனும் நெருப்பினுள் புகுகிறான். அந்நூலுக்கு 1955இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும், பின்னர் 1967ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசும் கிடைத்தன. குவெம்பு காயத்தை ஆற்றுகிறார். புதுமைப்பித்தன் காயத்தைத் திறந்தே வைக்கிறார். கல்லாவதைத் தவிர அகலிகைக்கு வேறு புகலிடம் இல்லையா என்னும் கேள்வியை அவர் விடையின்றி விட்டுவிடுவது குறையெனத் தோன்றலாம். எனினும், மன்னிப்பு அறிவிக்கப்பட்டதாலேயே வாழ்வு சீராகிவிடுவதில்லை என்னும் உண்மையை இதனினும் கூர்மையாகச் சொன்ன தமிழ்க் கதை அரிது.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். இத்தகைய கதைகளைக் கையிலெடுத்து, அயலாரின் காப்பியத்தைப் பழிக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அது முறையன்று. புதுமைப்பித்தனும் குவெம்புவும் தம் வீட்டுக் கதையைத் தாமே வினவியவர்கள். அவர்களுடைய வினாவைக் கடன் வாங்கி அடுத்த வீட்டின்மேல் எறிவது திருட்டுக்கு ஒப்பாகும். கடன் வாங்கினால், அதை நம் வீட்டில் செலவிடுவோம்.

2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தைத் திறப்போம். தாவீது பார்த்தான், ஆளனுப்பினான், அழைத்துவரச் செய்தான். பத்சேபாளோ தான் கருவுற்ற செய்தியை மட்டும் சொல்லியனுப்புகிறாள். கணவன் இறந்தபோது புலம்புகிறாள். பின்னாளில் மகனின் அரசுரிமைக்காகப் பேசுகிறாள். தனக்கு நேர்ந்ததைக் குறித்து அவள் வாய்மொழியாக ஒன்றுமே இல்லை. 51ஆம் சங்கீதத்தைக் கொண்டு தாவீதின் மனந்திரும்புதலை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! அந்த அரண்மனையில் அவள் கழித்த நாட்களைப் பற்றி ஒரு முறையேனும் எண்ணியதுண்டா? மத்தேயு தம் வம்ச அட்டவணையில் அவள் பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவி என்றே குறிப்பது கவனிக்கத்தக்கது. அரசன் மன்னிக்கப்பட்டான், கொல்லப்பட்டவனின் பெயரோ மறைக்கப்படவில்லை. திருமறையே காயத்தைத் திறந்து வைத்திருக்கும்போது அதை அவசரமாக மூடுபவர் நாமே.

சூளகிரி, ஓசூர்ப் பகுதிச் சபைகளில், தொழிற்சாலைப் பணிக்கென ஊர்விட்டு வந்த இளம்பெண்களும் நம் முன் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுள் அகலிகையும் பத்சேபாளும் இருக்கலாம். மன்னிப்பை அறிவிக்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்டோமா? இறையியல் மாணவர் பிரசங்க மேடை ஏறுமுன் இவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக.