ஒருகொடவத்தையில் ஜேம்ஸ் வெப்

ஒருகொடவத்தைச் சந்தியில் இரவு பத்து மணிக்கு அண்ணாந்து பார்த்தால், தெரிகிற விண்மீன்களை எண்ணி முடித்துவிடலாம். பேஸ்லைன் வீதி விளக்குகள், கொள்கலன் முற்றங்களின் உயரக் கம்ப விளக்குகள், கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி விடியும்வரை எரிகிற வெளிச்சம், துறைமுகப் பக்கத்து மஞ்சள் மங்கல் எல்லாமே வானத்தின்மேல் பூசப்பட்டிருக்கின்றன. போதாததற்கு கடற்காற்றின் ஈரமும், வருடத்தில் பல மாதங்கள் விலகாத மழை முகிலும். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது மட்டும் நிலைமை தலைகீழானது. கரண்ட் போனதும் வானம் வந்தது, வைஃபை போனது.

வானியல் படிக்க விரும்பும் கொழும்புப் பிள்ளைக்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், இன்று பலரும் தயங்காமல் வைஃபை என்பார்கள். காரணம் இருக்கிறது. ஹபிள், ஜேம்ஸ் வெப், டெஸ் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகள் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் உள்ள காப்பகத்தில் குவிந்துகிடக்கின்றன. எந்த நாட்டவரும் காசு கொடுக்காமல் தரவிறக்கலாம். தெமட்டகொடையில் வாடகை அறையில் இருக்கும் மாணவிக்கும் ஹவாயில் இருக்கும் பேராசிரியருக்கும் கிடைப்பது ஒரே கோப்புதான்.

இந்தத் திறந்த மனப்பான்மைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1995 டிசம்பரில் ஹபிள் நிலையத்தின் பணிப்பாளராக இருந்த றொபர்ட் வில்லியம்ஸ், தமது சொந்த அதிகாரத்துக்குட்பட்ட நேரத்தில் பத்து நாளை எடுத்து, ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்த ஒரு சிறு வானத்துண்டை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார். 342 படங்களை ஒன்றாக அடுக்கியபோது ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் வெளிப்பட்டன. தரவைத் தம் குழுவுக்கென்று பூட்டிவைக்காமல் உடனடியாக எல்லோருக்கும் கொடுத்தார். கண்டுபிடிப்பைவிட அந்தக் கொடைதான் பெரிது என்பது என் கருத்து. வெப்பின் சாதாரண அவதானிப்புகளுக்குக்கூட ஓராண்டுதான் பூட்டு. பெரிய ஆய்வுத் திட்டங்கள் பலவற்றுக்கு அதுவும் இல்லை.

விண்வெளிக்குப் போவதால் கிடைக்கும் இலாபம் கண்ணாடியின் பருமனில் மட்டும் இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2015 செப்டெம்பர் 28 அன்று சிறீஹரிக்கோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட்டில் ஊதாக்கடந்த கதிர்களுக்கான இரட்டைத் தொலைநோக்கி ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு கண்ணாடியும் 37.5 சென்ரிமீற்றர். மொறட்டுவை, கட்டுபெத்தவில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் உள்ள, 1990களின் நடுப்பகுதியில் ஜப்பான் தந்த தொலைநோக்கியோ 45 சென்ரிமீற்றர். நம்முடையதுதான் பெரிது! ஆனால் 2016 ஒக்டோபரில் அந்தச் சிறிய கண்ணாடி 28 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே திசையை நோக்கியிருந்து, 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து தப்பிவந்த உயர்சக்தி ஊதாக்கடந்த ஒளியைப் பிடித்தது. அத்தகைய ஒளியை வளிமண்டலம் தரைக்கு விடாது. கட்டுபெத்தவில் எத்தனை மீற்றர்க் கண்ணாடி வைத்தாலும் அது கிடைக்காது. அதே வானத்துண்டை ஹபிளும் பார்த்திருந்தது. அஸ்ட்ரோசாட்டின் உணரியில் பின்னணி இரைச்சல் குறைவு என்பதால் ஹபிளுக்குப் புலப்படாதது இதற்குப் புலப்பட்டது.

பூனேயைச் சேர்ந்த கனக் சாகாவின் தலைமையிலான குழு இந்த முடிவை 2020இல்தான் வெளியிட்டது. வந்த ஒளி அந்த மண்டலத்தினுடையதா, முன்னால் நிற்கும் வேறொன்றினுடையதா, வெறும் இரைச்சலா என்று உறுதிப்படுத்தவே ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. தரவிறக்கம் ஒரு மாலையில் முடிந்துவிடும். சந்தேகிப்பதற்குத்தான் காலம் வேண்டும். காப்பகத்தை நம்பிய ஆய்வின் பலவீனம் இங்கேதான் தொடங்குகிறது.

வெப்பின் முதற்படங்கள் 2022 ஜூலை 12 அன்று வெளியாயின. கொழும்பில் அப்போது யாருக்கும் அதைப் பார்க்கும் மனநிலை இல்லை. மூன்று நாளுக்கு முன்னர்தான் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்திருந்தார்கள். வெளியே, வானியலாளர்களிடையே ஒரு பந்தயமே நடந்தது. தரவு வந்த சில நாட்களுக்குள் ‘மிகத் தொலைவான மண்டலம்’ என்று கட்டுரைகள் குவிந்தன. அந்த மாத இறுதியில் கமராவின் அளவுத்திருத்தம் மாற்றப்பட்டது. சில உணரிகளில் ஒளிச்செறிவு பத்து, இருபது வீதம்வரை பிழையாகக் கணக்கிடப்பட்டிருந்தது. முந்தியவர்கள் தங்கள் எண்களைத் திரும்பப் போடவேண்டி வந்தது.

அந்தப் பந்தயத்தில் ஒரு பொருளை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். அதன் பட்டியல் பெயர் சீயர்ஸ்-93316. தொலைவு கூடக் கூடும் எண்ணான செந்நகர்வு அதற்கு 16க்கு மேல் என்று கணிக்கப்பட்டது. அதாவது பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து மண்டலம். இந்தக் கணிப்பு நிறமாலையை வைத்து வந்ததல்ல. வெவ்வேறு வடிகட்டிகளில் எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து, எந்த வடிகட்டியில் ஒளி திடீரென்று அற்றுப்போகிறதோ அதைக்கொண்டு தூரத்தை ஊகிக்கும் முறை. 2023இல் வெப்பின் நிறமாலைக் கருவி அதை நோக்கித் திரும்பியது. கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம் நுண் கதவுகளில் வேண்டியவற்றை மட்டும் திறந்து, ஒரே தடவையில் பல மண்டலங்களின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. விடை: செந்நகர்வு 4.9. பெருவெடிப்புக்கு நூற்றுச்சொச்சம் கோடி ஆண்டு கழிந்தபின் இருந்த, தூசி மூடிய ஒரு மண்டலம். ஐதரசனும் ஒட்சிசனும் உமிழ்ந்த வலுவான கோடுகள் சரியாக அந்த வடிகட்டிகளுக்குள் விழுந்து, தொடர்ச்சியான பிரகாசம்போல வேடம் போட்டிருந்தன.

முறையே தவறு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வானத்துண்டில் மெய்சி என்று பெயர்பெற்ற மண்டலத்துக்கு ஊகம் 12ஐ ஒட்டி இருந்தது, நிறமாலை 11.4 என்றது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே வரும். எது சரியாக வந்தது, எது ஏமாற்றியது என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. பத்திரிகைகள் அழகான வர்ணப் படத்தோடு முதற்கணிப்பைப் போட்டுவிடுகின்றன. திருத்தத்துக்கு இடம் கிடைப்பதில்லை. அந்த வர்ணமும் மனிதர் பூசியதுதான், செந்நிறக்கீழ் கதிர்களை நம் கண் காணாது.

இன்னொரு குறை, கேள்வி யாருடையது என்பது. கொழும்பில் பிறந்த வானியலாளர் ரே ஜயவர்த்தன இருக்கிறார். வெப்பில் கனடா செய்துகொடுத்த நிரிஸ் கருவியின் விஞ்ஞானக் குழுவில் அவரும் ஒருவர். கருவி செய்தவர்களுக்கு உத்தரவாத நேரம் உண்டு. அந்த நேரத்தில் என்ஜிசி 1333 என்ற விண்மீன் பிறப்பிடத்தைத் துருவி, எந்தச் சூரியனையும் சுற்றாமல் தனியே திரியும், வியாழனைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நிறையுள்ள ஆறு பொருட்களை அவர்களது குழு 2024இல் அறிவித்தது. கேள்வி அவர்களுடையது, கருவி அந்தக் கேள்விக்குத் தோதாக இருந்தது. காப்பகத்தில் மேயும் மாணவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. வேறொருவர் வேறொரு கேள்விக்காகத் தேர்ந்தெடுத்த வடிகட்டி, நேரம், வானத்துண்டு ஆகியவற்றுக்குள்தான் அவர் தேடவேண்டும்.

நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாமே என்றால், யாரும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. 2018 முதல் ஹபிளும், பின்னர் வெப்பும், விண்ணப்பதாரியின் பெயரை மதிப்பீட்டாளருக்கு மறைத்தே அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் வெப்பின் நான்காவது சுற்றுக்கு வந்த விண்ணப்பங்கள் 2,377. கேட்ட நேரம் ஏறத்தாழ 78,000 மணித்தியாலம். ஒரு வருடத்தில் இருப்பதே 8,760. பெயரை மறைத்தாலும், அந்தக் கருவியோடு பழகியவர் எழுதிய விண்ணப்பமும் பழகாதவர் எழுதியதும் முதற்பக்கத்திலேயே வேறுபட்டுத் தெரியும்.

ஆகவே, விண்வெளித் தரவு வந்தபின் தரைத் தொலைநோக்கி எதற்கு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன பிழைகளைப் பிடிக்கும் கை, கருவியைத் தொட்டுப் பழகிய கை. கமராவில் தூசி விழுந்த வட்டங்களைத் தானே கண்டு, சமவெளிச்சப் படம் எடுத்து அதனால் வகுத்து அவற்றை நீக்கியவருக்கு, ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்று கோப்பில் இருக்கும் வரியை அப்படியே நம்பத் தோன்றாது. கோப்பை இறக்கி, நிரலை ஓட்டி, வரைபடம் வந்ததும் ஆய்வு முடிந்தது என்று எண்ணும் பழக்கம் கருவி காணாமல் வளர்ந்ததன் விளைவு.

இது வெறும் பயிற்சிக்கான நியாயமும் அல்ல. 2018இல் ஏவப்பட்ட டெஸ் செய்மதி வானத்தின் பெரும்பகுதியை நான்கு சிறு கமராக்களால் பார்த்து, விண்மீன்களின் பிரகாசம் எப்போது மங்குகிறது என்று பதிகிறது. அதன் ஒரு படப்புள்ளி 21 விகலை அகலம்; அந்த ஒற்றைச் சதுரத்துக்குள் மூன்று நான்கு விண்மீன்கள் நெருங்கி நிற்கலாம். ஒளி மங்கியதாகத் தரவு சொல்லும், மங்கியது எது என்று சொல்லாது. கோள் ஒன்று குறுக்கே போனதா, பக்கத்தில் உள்ள இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தனவா என்பதைப் பிரிக்க, ஓரிரு விகலை துல்லியமாகப் பார்க்கும் தரைத் தொலைநோக்கி வேண்டும். அதற்குப் பத்து மீற்றர்க் கண்ணாடி தேவையில்லை. பிரகாசமான இலக்குகளுக்கு 45 சென்ரிமீற்றர் போதும். மாறொளி விண்மீன் ஒன்றின் டெஸ் பதிவை வீட்டில் இறக்கி, அது அடுத்து மங்கும் நேரத்தைக் கணித்து, முகில் விலகிய ஓர் இரவில் கட்டுபெத்தவில் அதையே பார்த்து, இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று எழுதும் இறுதியாண்டுத் திட்டம் ஒன்றை நம் பல்கலைக்கழகங்கள் நாளைக்கே தொடங்கலாம்.